கொந்திராத்யூக்கின் கடதாசி

“அக்காட மரண சேட்டிபிக்கற்றத் தாங்க, அத்தான்.”

ஒருநாளும் கேட்கக்கூடாது என்று மலருக்குச் சொல்லப்பட்டது அந்த ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னர், மிராபெல் விமான நிலையத்திலிருந்து வரும் பஸ்ஸில் வைத்துக் குலேந்திரன் அதைச் சொன்னான். அந்தக் கடதாசி தன்னிடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, அதைப் பற்றி வீட்டுக்குள்கூடக் கதைக்கக் கூடாது, தரச்சொல்லிக் கேட்கவும் கூடாது. சொல்லி முடித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு அவள் எதற்கும் தலையாட்டியிருப்பாள். பறந்து பறந்து கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. உடம்பில் இருந்த கோட்டு அக்காவுக்கென்று வாங்கியது, தோளில் பெரிது.

இப்போது 1989 சித்திரை, ஒரு சனிக்கிழமை மத்தியானம். மொன்றியல், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாலாம் மாடி வீடு. வெளியே பனி உருகிக் கறுத்துப்போய் வீதியோரம் குவிந்து கிடந்தது. குலேந்திரன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்து மாடிக்கு மாடி கொண்டுபோகிற வேலை செய்தான். காலை வேலை முடிந்து வந்து அப்போதுதான் சோற்றுக்கு முன்னால் இருந்திருந்தான். பருப்பைக் குழைத்த கை நின்றது. பிறகு மறுபடி குழைத்தது.

“சாப்பிட்டிட்டுக் கதைப்பம்.”

“சாப்பிட்டா நீங்க படுத்திருவீங்க.”

அது உண்மைதான்.

சீதேவி செத்துப்போனது மூன்று வருஷமாக மொன்றியலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி சீதேவியாக வாழ்ந்துகொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் குலேந்திரன் கிளார்க்காக இருந்தவன், யாழ்ப்பாணத்தான். அதே ஆலையில் மலரின் அப்பா கடதாசிக் கட்டுத் தூக்கினார். அவருடைய மூத்த மகள் சீதேவியைக் குலேந்திரன் விரும்பிக் கட்டினான். கலியாணத்துக்கு அவன் பக்கத்திலிருந்து ஒரு சனமும் வரவில்லை. எண்பத்து மூன்றில் அவன் கனடாவுக்கு வந்து, இரண்டு வருஷத்தில் நிரந்தரமாக இருக்க அனுமதி எடுத்து, மனுசியைக் கூப்பிட மனுப்போட்டான். எண்பத்தைந்து மார்கழியில் சீதேவிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. வீதியெல்லாம் அடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாலு நாள் பிந்திவிட்டது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து பத்து நாளில் கனடா விசா வந்தது. கடவுச்சீட்டில் அக்காவின் படம். மூக்கும் நெற்றியும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்று. அம்மா அழுதுகொண்டுதான் அதைச் சின்னவளின் கையில் கொடுத்தா, ஆனால் கொடுத்தா.

அந்தச் சின்னவள் சும்மா ஒரு சின்னவள் அல்ல. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்த ஒரு மனிதரின் மகள், மொஸ்கோவில் ஆறு வருஷம் படித்து இயந்திரப் பொறியியலில் பட்டம் வாங்கியவள். ஆலைத் தொழிற்சங்கத்தில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் அவளுடைய கணக்குப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் புலமைப்பரிசிலுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சிவப்பு மட்டை போட்ட பட்டம் இருந்தது, வேலை இருக்கவில்லை. ரஷ்யாவில் படித்த தமிழ்ப் பெட்டையை வேலைக்கு எடுக்க எவருக்கும் பயம். இரண்டு வருஷம் வீட்டில் இருந்து எல்லோரோடும் சண்டை பிடித்தாள்.

மொன்றியலில் நிலைமை இன்னும் விசித்திரம். குலேந்திரன் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் சீதேவி எட்டாம் வகுப்பு, வீட்டு வேலை என்று இருந்தது. உள்ளதைத்தான் எழுதியிருந்தான். ஆகவே மலரும் எட்டாம் வகுப்பு ஆனாள். சிவப்பு மட்டை சூட்கேசுக்கு அடியில், சேலைகளின் கீழே போனது. வெளியே அவன் அவளைச் சீதேவி என்று கூப்பிட்டான். வீட்டுக்குள்ளே வாய் தவறிப் பழகிவிடும் என்ற பயத்தில் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் படுக்கை அறையில், அவன் முன்னறைச் சோபாவில். ஆட்கள் வந்தால் கதவைத் திறக்குமுன் தலையணையையும் போர்வையையும் சுருட்டி அலுமாரிக்குள் திணிப்பான். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் சீதேவியின் படம் ஒட்டியிருந்தது. மாலை இல்லை, விளக்கு இல்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு எப்படி மாலை போடுவது? ஆட்டைத் திவசம் மூன்று வந்து மூன்றும் போயின. அன்றைக்கு மட்டும் அவன் மச்ச மாமிசம் சாப்பிடமாட்டான். யாராவது கேட்டால் வயிற்றுக் கோளாறு என்பான்.

கீழ்மாடிப் பாலாம்பிகை அக்கா வேறு. காணும் நேரமெல்லாம் “விசேஷம் ஒண்டும் இல்லையோ சீதேவி?” என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பா. மூன்று வருஷமாகியும் ஒரு பூச்சி புழுவும் இல்லையே என்று நல்ல டொக்டர் ஒருத்தியின் விலாசம் எழுதித் தந்தா. கோயிலுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னா. நேர்த்தி வைத்துப் பிறந்த தன்னுடைய இரண்டையும் காட்டினா. இரண்டும் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து வந்து தாயோடு பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. மலர் அந்த விலாசத்தைக் கிழித்து டெப்பனர் மூலைக்கடை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

வேலை புவாண்ட்-கிளேரில், புத்தகக் களஞ்சியம் ஒன்றில். மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்துப் போய் நாள் முழுக்கப் பெட்டி கட்டுவாள். தொழில்நுட்பப் புத்தகங்கள் போடுகிற ஒரு சின்ன நிறுவனம் அது. முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் களஞ்சியம். ஒருநாள் ரஷ்யப் புத்தகப் பெட்டிகள் இரண்டு மாறிப்போய், மேலாளன் எது எங்கே போகிறதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மலர் போய் முதுகுப் பக்கத்தை வாசித்தாள். இது உலோக அயர்வு, இது எரிபொருள், பெட்டி மாறிக்கிடக்கு என்றாள். முன்பக்கத்திலிருந்து பதிப்பாசிரியர் லவுவா மதாம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழும்பி வந்தா.

மதாமிடம் ஒரு திட்டம் கிடந்தது. ரொக்கெட்டையும் விண்வெளிப் பயணத்தையும் பற்றி முதன்முதல் கனவு கண்ட ரஷ்யர்கள் எழுதியதிலிருந்து தெரிந்தெடுத்து ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு. மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டவர் பாதியில் வேறு ஊருக்குப் போய்விட்டார். எட்டாம் வகுப்புப் படித்த பெண் எங்கே ரஷ்யன் படித்தாய் என்று மதாம் கேட்டா. பக்கத்து வீட்டில் ஒரு ரஷ்யக்காரி இருந்தாள் என்றாள் மலர். வாழைச்சேனையில் ரஷ்யக்காரி. மதாம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, முதல் பத்துப் பக்கத்தைச் செய்து காட்டு, ஆங்கிலத்தை நான் பார்க்கிறேன் என்றா.

அதன் பிறகு ஒன்றரை வருஷம், காலையில் பெட்டி, மத்தியானத்துக்குப் பிறகு ரஷ்யர்கள்.

முதலில் கலூகா ஊர் வாத்தியார் சியோல்கோவ்ஸ்கி. சின்ன வயதிலேயே காது கேளாமல் போனவர். தகரத்தில் தானே புனல் செய்து காதில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் பதிலைக் கேட்டவர். எரிபொருள் எரிய எரிய ரொக்கெட்டின் பாரம் குறையும், அப்போது வேகம் எவ்வளவு கூடும் என்ற கணக்கை எழுதி வைத்தவர். அந்தக் கணக்கை மலர் மொஸ்கோவில் முதலாம் வருஷம் படித்திருந்தாள். பிறகு சாண்டர். செவ்வாய்க்குப் போவதைத் தவிர வேறு எதையும் நினைக்காத மனிசன். மகளுக்கு அஸ்திரா என்றும் மகனுக்கு மெர்க்குரி என்றும் பேர் வைத்தார். நட்சத்திரமும் புதனும். பயணத்தில் சாப்பிட வேண்டுமே என்று கரித்தூளில் மரக்கறி வளர்த்துப் பார்த்தார். மலருக்கு இவர்களில் பெரிய பக்தி ஒன்றும் வரவில்லை. வீட்டில் பெண்சாதி எதை வைத்துச் சமைத்தாள் என்று ஒருவரும் எழுதவில்லையே என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. ஆனால் கணக்கில் பிழை இருக்கவில்லை. கணக்கில் பிழை இல்லாத ஆட்களை அவள் மதித்தாள்.

மூன்றாவது ஆள் கொந்திராத்யூக்.

இவருக்கு ஒழுங்கான படிப்பு இல்லை. சியோல்கோவ்ஸ்கியின் எழுத்தை வாசிக்காமலே அந்தக் கணக்கைத் தன்பாட்டில் போட்டவர். சந்திரனுக்குப் போவதென்றால் முழுக் கப்பலையும் கீழே இறக்க வேண்டாம், பெரிய கப்பல் மேலே சுற்றிக்கொண்டிருக்கட்டும், சின்னதொன்றில் இறங்கி ஏறி வந்து அதைப் பிடிக்கலாம் என்று எழுதினார். ஐம்பது வருஷம் கழித்து அமெரிக்கர்கள் அப்படித்தான் போனார்கள். புத்தகம் போட ஆளில்லாமல் தன் கைக்காசில் சைபீரியாவில் அச்சடித்தார். வயிற்றுப் பிழைப்புக்குத் தானியக் களஞ்சியங்கள் கட்டினார். இரும்பு கிடைக்காத காலம், ஆகவே பதின்மூவாயிரம் தொன் கொள்ளுகிற மரக் களஞ்சியமொன்றை ஆணி இல்லாமலே கட்டி நிறுத்தினார். ஆணி அடிக்காதது விழட்டும் என்றுதானே, நாசவேலை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். களஞ்சியம் விழவில்லை. இன்னும் நிற்பதாகத்தான் மலர் வாசித்த கட்டுரையில் இருந்தது.

குலேந்திரனுக்கு இந்த ஆளைப் பிடித்துவிட்டது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, “உன்ர ஆள் இண்டைக்கு என்ன செய்தவர்?” என்று கேட்பான். களஞ்சியக் கதை சொன்ன அன்று, மரத்தை மரத்தோடு எப்படிப் பொருத்தினார் என்று படம் கீறச் சொன்னான். பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னபோது கோபம் வந்து, அந்த ஊர் அதிகாரிகளை யாழ்ப்பாணத்துக் கெட்ட வார்த்தையால் ஏசினான். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்து கதைத்தது அந்த நாட்களில்தான்.

மாசி மாதம் மதாமுக்கு மொஸ்கோவிலிருந்து ஒரு கட்டுத் தாள் வந்தது. அங்கே வாய்கள் திறக்கத் தொடங்கியிருந்த காலம். முன்பு ஒளித்து வைத்ததெல்லாம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. முன்னுரைக்குத் தேவைப்படும், பார் என்று மதாம் கொடுத்தா. மலர் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தபடியே வாசித்தாள். பெட்டி திறந்தபடியே இருந்தது.

கொந்திராத்யூக் கொந்திராத்யூக் இல்லை. அந்த ஆளின் சொந்தப் பேர் ஷார்கேய். உள்நாட்டுப் போரில் அவரைப் பிடித்து வெள்ளைப் படையில் சேர்த்திருந்தார்கள். தப்பி வந்தாலும் புதிய ஆட்சியில் அந்த ஒரு காரணம் போதும், சுவரோடு நிறுத்திவிடுவார்கள். சிற்றன்னை எங்கேயோ அலைந்து, காசநோயில் செத்துப்போன ஒரு பையனின் கடதாசிகளை வாங்கி வந்தா. செத்தவனின் பேர் யூரி கொந்திராத்யூக். அன்றிலிருந்து சாகும்வரை அந்தப் பேர்தான். புத்தகம் அந்தப் பேரில். சந்திரனின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்குப் பேர் வைத்தபோது அதுவும் அந்தப் பேரில். ரொக்கெட்டைப் பற்றி ஒரு வரி எழுதியதாக எங்கும் இல்லாத, இருபது வயதில் இருமிச் செத்த ஒரு பையனுக்குச் சந்திரனில் பள்ளம்.

அன்று பின்னேரம் குலேந்திரனுக்கு இதைச் சொன்னாள். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“கெட்டிக்காரன்,” என்றான்.

அதில்தான் அவளுக்கு முதன்முதலாக உண்மையான கோபம் வந்தது.

அதன் பிறகு எல்லாம் கிட்டக்கிட்ட நடந்தன. பங்குனிக் கடைசியில் மதாம் புத்தகத்தின் முதல் தாளை அச்சுப்பிழை பார்க்கக் கொடுத்தா. மொழிபெயர்ப்பு: சீதேவி குலேந்திரன். மதாம் நல்ல மனதோடு, வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தா. அக்காவுக்கு ரஷ்யனில் ஒரு எழுத்துத் தெரியாது. மலர் மொஸ்கோவிலிருந்து அனுப்பிய வாழ்த்துமட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவ. திருத்தமிருந்தால் மார்ஜினில் எழுது, பதினேழாந் திகதி திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது என்று மதாம் சொன்னா. அதே கிழமை குலேந்திரன் குடியுரிமைப் படிவம் கொண்டுவந்தான். வந்து மூன்று வருஷம் முடிகிறதே. சீதேவி என்று எல்லா இடமும் அழகாக நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். குடியுரிமை வந்துவிட்டால் பிறகு ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்றான். பேந்து, பேப்பரில இருக்கிற மாதிரியே இருந்திட்டாலும், என்று தொடங்கியவன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து கோப்பை கழுவினான்.

மலர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற ஒரு இடத்துக்குப் போனாள். சிவப்பு மட்டை, தன் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் பையில். சட்டத்தரணி மலரின் வயதொத்த ஒரு பெண். கதையைக் கேட்டுவிட்டு, சொந்தப் பேரில் அகதி மனுப் போட வழி இருக்கிறது என்றாள். பொய் சொல்லி வந்ததற்கு விசாரணை வரும், வேலை அனுமதி போகும், எல்லாம் ஒருமுறை குலைந்துதான் பிறகு நேராகும், உத்தரவாதம் தரமாட்டேன் என்றாள். அக்கா இறந்ததற்குப் பத்திரம் வேண்டும். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். அந்த மனிதருக்கு, மனைவி செத்தது எப்போது தெரியும்? நீ விமானத்தால் இறங்கி வந்தபோதுதான் தெரியுமென்றால், துக்கத்தில் வாயை மூடிக்கொண்டான் என்று பார்ப்பார்கள். முன்னமே தெரிந்துகொண்டு உன்னைக் கூப்பிட்டானென்றால் அவனுடைய அனுமதியே போகலாம்.

கேட்டுச் சொல்கிறேன் என்றாள் மலர்.

அவளுக்குத் தெரியும். மலரை அனுப்புங்கோ என்று அவன்தான் எழுதினான். அந்தக் கடிதத்தை வாசித்த கையோடு அம்மா அடுப்புக்குள் போட்டா. ஆனால் கடிதம் எரிந்துவிட்டால் தெரிந்ததற்கு வேறு சாட்சி ஏது?

இதெல்லாம்தான் சனிக்கிழமை மத்தியானம் பருப்புச் சோற்றுக்கு முன்னால் வந்து நின்றது.

குலேந்திரன் சாப்பிட்டு முடித்தான். அவசரப்படாமல் கோப்பையைக் கழுவி, கையைத் துடைத்து, திரும்பி வந்து இருந்தான்.

“ஏன் இப்ப? இன்னும் கொஞ்ச மாசம் பொறு. சத்தியப்பிரமாணம் எடுத்திட்டியெண்டா உன்னை ஆர் கேக்கிறது?”

“ஆர எடுக்கச் சொல்றீங்க? அக்காவயா?”

“பேர்தானே. பேரில என்ன கிடக்கு? உன்ர கொந்திராத்யூக்கைப் பார். பேர் மாத்தினதுக்கு ஒருத்தரும் அவனைப் பிடிக்கேல்லை. ஆணி அடிக்காததுக்குத்தான் பிடிச்சவங்கள்.”

இதை அவன் பல நாள் யோசித்து வைத்திருக்க வேண்டும். சொன்னபோது முகத்தில் ஒரு சின்ன வெற்றிகூடத் தெரிந்தது.

“ஓம். அதுக்குப் பிறகு என்ன நடந்த எண்டு உங்களுக்கு நான் சொல்லல்ல,” என்றாள் மலர். “மொஸ்கோவில ரொக்கட் செய்யத் தொடங்கிட்டாங்க. கொரோலியோவ் எண்ட ஆள் அவர நேர கண்டு வாங்க எண்டு கேட்ட. வாழ்நாள் முழுக்க அவர் நினைச்ச வேல. போகல்ல.”

“ஏன்?”

“ராணுவ வேல. போனா ஃபோம் நிரப்பச் சொல்லுவாங்க. பிறந்த இடம், தகப்பன்ட பேர், எங்க படிச்ச, ஆர் கூடப் படிச்ச. கிண்டிப் பார்ப்பாங்க. அதுக்குப் பயந்துதான் போகல்லயாம். காத்தாலை கட்டிக்கொண்டு இருந்த. பிறகு யுத்தத்துக்குப் போய் எங்க செத்த எண்டும் தெரியா.”

“உயிரோட இருந்தானெல்லே.”

“ஆர் இருந்த, அத்தான்?”

குலேந்திரன் மேசையைப் பார்த்தான். மேசையில் அவன் நிரப்பிய குடியுரிமைப் படிவம் கிடந்தது. கையெழுத்துக் கோட்டின் பக்கத்தில், அவள் தவறிப்போகக் கூடாதென்று பென்சிலால் சின்னப் புள்ளடி ஒன்று போட்டிருந்தான். ஆலையில் பதினொரு வருஷம் கிளார்க்காக இருந்த பழக்கம். வீட்டுக்கு வருகிற மின்சார பில்லைக்கூடக் கோப்பில் துளை போட்டுத்தான் வைப்பான்.

“நான் எட்டாம் வகுப்பு இல்ல,” என்றாள் மலர். குரலை உயர்த்தவில்லை. “அப்பா கட்டுத் தூக்கித் தூக்கி முதுகு வளைஞ்ச மனிசன். வீட்ட வாறவன் போறவனுக்கெல்லாம் அந்தச் சிவப்பு மட்டையக் காட்டுவார், வாசிக்கத் தெரியாம. அத இஞ்ச கொண்டுவந்து சேலைக்குக் கீழ போட்டு வச்சிரிக்கன். ஆரும் கேட்டா பக்கத்து வீட்டு ரஷ்யக்காரி எண்டு சொல்றன். பாலாம்பிகையக்கா என்ட வயித்தப் பார்க்கிறா. எனக்கு இவ்வளவும் காணும். சேட்டிபிக்கற்றத் தாங்க.”

அவன் எழும்பிப் போனான். அலுமாரி திறக்கிற சத்தம், அட்டைப்பெட்டி இழுபடுகிற சத்தம். கொண்டுவந்து வைத்தது பச்சை நிறக் கோப்பு. முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி, திருத்தமான எழுத்தில் ‘சீதேவி’ என்று எழுதியிருந்தது. கலியாணப் பத்திரம், சீதேவியின் பாடசாலை விடுகைப் பத்திரம், அவனுக்கு அவள் எழுதிய கடிதங்கள், திகதி வாரியாக. எல்லாவற்றுக்கும் மேலே மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரி முத்திரையோடு அந்தக் கடதாசி.

அவன் அதை அவள் பக்கம் தள்ளாமல் விரலால் வலது மேல் மூலையைத் தொட்டுக் காட்டினான்.

சிவப்புக் குமிழ்முனைப் பேனையில் ஒரு குறிப்பு. கிடைத்தது. 18.2.86. கு.

மலர் மிராபெலில் வந்திறங்கியது சித்திரை பதினோராந் திகதி.

“கைப்பழக்கம்,” என்றான் குலேந்திரன். “கடித உறையை உடைச்சு வாசிச்சன். வாசிச்சுப்போட்டு என்ன செய்தனெண்டு தெரியேல்லை. பாத்தா திகதி போட்டிருக்கிறன்.”

அவள் கடதாசியைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். அந்த மூலை மட்டும் மெலிந்து, வெளிச்சம் உள்ளே வந்தது.

“பிளேடால சுரண்டிப் பாத்தனான். எங்கடை ஆலைக் கடதாசியாயிருந்தாச் சுரண்டலாம். இது கிழியப் பாத்துது. விட்டிட்டன். இதைக் குடுத்தா என்ரை கதை முடிஞ்சுது. அதுக்காகத்தான் கேட்கவேண்டாமெண்டனான். வேறை ஒண்டுமில்லை,” என்றான்.

மூன்று வருஷமாக அவள் அதைத் துக்கம் என்று நினைத்திருந்தாள். துக்கமும்தான். ஆனால் ஒரு மனிதன் தன் மனுசி செத்த கடதாசிக்குப் பயந்து மூன்று வருஷம் அலுமாரிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. கோபம் போகவில்லை. கோபத்தோடு சேர்த்துக் கணக்கும் ஓடியது. கணக்குப் போட அவளுக்கு எப்போதும் நேரம் எடுப்பதில்லை.

கடதாசியைத் திருப்பிக் கோப்புக்குள் வைத்தாள்.

“இத நான் கொண்டுபோகல்ல. கச்சேரிக்கு எழுதினா இன்னொரு பிரதி குடுப்பாங்க. ஆறு மாசம் ஆகும், கூடவும் ஆகும், நாடு இரிக்கிற இரிப்பில. அதில உங்கட சிவப்பு மை இராது. அதுவரைக்கும் என்ட கேஸ் கிடந்து இழுபடட்டும்.”

“இழுபட்டா உனக்குத்தானே நட்டம்.”

“எனக்குத்தான். கேளுங்க, இன்னொண்டு. எப்ப தெரியும் எண்டு உங்களக் கேட்பாங்க. மிராபெல்ல என்னக் கண்டவுடனதான் உங்களுக்குத் தெரியும். நான் அப்பிடித்தான் சொல்லுவன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்க.”

குலேந்திரன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “நீ பொய் சொல்லுவியோ?”

“மூண்டு வருஷம் சொல்லிப் பழகின வாய்தானே. இது கடைசி.”

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அச்சுத் தாளைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டாம், இன்னும் ஒரு கிழமை யோசி என்று சொல்லிப் பார்த்தான். மலர் எழும்பித் தன் ஜக்கெட்டை எடுத்தாள். அந்தத் தாள் நேற்றே போய்விட்டது என்றாள். சீதேவி குலேந்திரன் என்பதை வெட்டி, மார்ஜினில் தன் பேரை முழுதாக எழுதி, மதாமின் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மதாம் வாசித்துப் பார்த்து, இது யார் என்று கேட்டா. நான்தான் என்றாள். மதாம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த ரஷ்யக்காரியை நான் அப்போதே நம்பவில்லை என்றா. சட்டத்தரணியிடம் திங்கள் காலை ஒன்பது மணிக்கு நேரம் எடுத்திருந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் றோசலின் என்ற ஒரு திருகோணமலைப் பிள்ளையோடு அறை பேசி, திறப்பும் வாங்கியாயிற்று. சூட்கேஸ் காலையிலிருந்தே கதவடியில் நின்றது. அவன் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தான், கவனிக்கவில்லை.

அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் பச்சைக் கோப்பை மூடாமல் அதற்கு முன்னால் இருந்தபடியே கேட்டான்.

“அப்ப இனி சீதேவிக்குத் திவசம் செய்யலாமோ, மலர்?”

அந்த வீட்டில் அவளுடைய பேரை அவன் சொன்னது அதுதான் முதல்தடவை.

“செய்யுங்க. படத்த வெளியில எடுத்து மாட்டுங்க.”

“ஐயரிட்டை என்னெண்டு சொல்லுறது? மூண்டு வருஷம் பிந்தி?”

“கடதாசி இப்பதான் கிடைச்ச எண்டு சொல்லுங்க.”

சூட்கேசைத் தூக்கினாள். பாரம் அதிகம் இல்லை. சிவப்பு மட்டை இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அக்காவின் கோட்டைக் கொழுவியில் விட்டுவிட்டு, சால்வேசன் பழைய உடுப்புக் கடையில் வாங்கிய தன் மெல்லிய ஜக்கெட்டைப் போட்டிருந்தாள். சித்திரைக் குளிருக்கு அது போதாது.

இரண்டாம் மாடியில் பாலாம்பிகை அக்கா பாண் பையோடு ஏறி வந்தா. சூட்கேசைப் பார்த்தா, ஜக்கெட்டைப் பார்த்தா, வயிற்றையும் ஒருக்காப் பார்த்தா.

“எங்கை சீதேவி, பெட்டியோட? புருஷன் பெண்சாதிக்குள்ளை ஏதேன் கொளுவலோ?”

“இல்லக்கா. மேல அத்தான் தனிய இரிக்கார். ஒருக்கா எட்டிப் பாருங்க. உங்களுக்குச் சொல்ல அவரிட்ட ஒரு கத கிடக்கு.”

பாலாம்பிகை அக்கா பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வாயைத் திறந்தா. மலர் அதற்குள் கீழே இறங்கிவிட்டாள். வாசற்கதவு வழக்கம்போல இறுகிக் கிடந்தது. தோளால் தள்ளித் திறந்துகொண்டு, உருகின பனித் தண்ணீரில் கால் வைத்து, மெட்ரோப் பக்கமாக நடந்தாள்.